மூன்று பொருந்தினால் போதும்

பிரம்மநாயகி மலையடிவாரக் கோயிலுக்குப் போய்வந்த கதையைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். “அருவி விழுதுல்லா, அதுக்குக் கீழ ஆத்தங்கரையில ஒரு கோயில் இருக்குல்லா, அந்த ஊருக்குப் போயிருந்தோம்” என்பாள். பாபநாசம் என்று ஒரு சொல்லில் முடிகிற சங்கதி. ஆனால் அது அவள் புருஷனின் பெயர். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஊருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் இவளைக் கேட்டா வைத்தார்கள்? பாவம், புருஷனோடு ஊரையும் சேர்த்து முழுங்கிக்கொண்டாள்.

இத்தனை அடக்கமான பெண்ணுக்கு யூக்ளிட் தெரியும் என்று சொன்னால் திருநெல்வேலி டவுனில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நம்பியிருந்தால் இன்னும் மோசம். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண் தேவாரம் பாடலாம், வடகம் போடலாம், வாய்க்கால் பாசனத்தில் இந்தப் போகம் எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கலாம். முக்கோணம் போடக் கூடாது என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒரு சட்டம் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா திருஞானசம்பந்தம் பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மனைவி இல்லை, ஒரே மகள். நாயகிக்குப் பத்து வயதாகும்போதே அவர் கண்ணில் திரை விழ ஆரம்பித்துவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே பையன்கள் எழுதிக் கொடுத்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினார். அவள் வாசிக்க வேண்டுமே என்பதற்காக இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார், பிறகு அல்ஜீப்ரா, பிறகு யூக்ளிட். முதலில் அவள் படித்துச் சொன்னாள், அவர் சரி தப்பு சொன்னார். போகப் போக அவளே சரி தப்பு சொன்னாள், அவர் தலையாட்டினார். எந்தப் பையன் எந்த இடத்தில் சறுக்குவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

மகள் கணக்குப் போடுவாள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாப்பிள்ளை கிடைத்திருக்க மாட்டான். ஆனால் பாருங்கள், மாப்பிள்ளை வந்ததே கணக்கை உத்தேசித்துத்தான்.

டவுனில் மேலரத வீதிக்குப் பின்னால் இருந்த ஐயம்பெருமாள் பிள்ளைக்கு ஒரே மகன் பாபநாசம். தாத்தா காலத்தில் மூன்று ஊரில் நஞ்சை இருந்த குடும்பம். பாகம் பிரிந்து பிரிந்து, சாப்பாட்டுக்கு நெல் வருகிற அளவில் வந்து நின்றிருந்தது. மகன் மெட்ரிகுலேஷன் தேறி, கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும் என்பது பிள்ளைவாளின் கனவு. மகனோ கணக்கில் மக்கு. கணக்கு வாத்தியார் வீட்டில் பெண் எடுத்தால் மாமனாரே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்று அவர் போட்ட கணக்குத்தான் இந்தக் கல்யாணம்.

ஜாதகம் அவ்வளவாகச் சேரவில்லை. சொரிமுத்து சோசியர் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு இழுத்தார். “பத்துல மூணுதான் பொருந்துது அண்ணாச்சி. கணம் இருக்கு, மாகேந்திரம் இருக்கு, வசியம் இருக்கு. மத்தது…”

“மூணு போதும்வே” என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை. “அதுக ரெண்டும் ஒண்ணாக் குடித்தனம் பண்ணினா மத்ததெல்லாம் தன்னால பொருந்திக்கிடும்.”

இந்த வாக்கியத்தை அவர் பந்தலில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மணையில் உட்கார்ந்திருந்த பாபநாசத்தின் காதிலும் விழுந்தது. பதிமூன்று வயது நாயகியின் காதிலும் விழுந்தது.

அவள் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அப்பாவின் கண் சுத்தமாக இருண்டு, வேலையும் போய்விட்டது. அவர் பாடம் சொல்லிக்கொடுத்த கொஞ்ச காலத்திலும் பாபநாசம் பெரிதாக ஒன்றும் தேறிவிடவில்லை. அவனை முட்டாள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு பதிகத்தை இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை பிசகாமல் பாடுவான். யூக்ளிட்டையும் அப்படியே பாடம் பண்ணினான், எந்த இடத்தில் ஏ, எந்த இடத்தில் பி என்பது வரைக்கும். கேள்வித்தாளில் ஏ பி சி-க்குப் பதிலாகப் பி க்யூ ஆர் என்று போட்டிருந்தால் முன்பின் தெரியாத வீட்டுக்குள் வந்துவிட்டவன் போல முழிப்பான். இரண்டு தடவை பரீட்சை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் விழுந்தான். கணக்கில் விழுந்தால் மொத்தத்திலும் விழுந்த மாதிரிதான் அந்தப் பரீட்சையில்.

இரண்டாவது தடவை தோற்ற பிறகு சோசியரை மறுபடி கூப்பிட்டனுப்பினார்கள். அவர் அதே ஜாதகங்களை விரித்து, அதே விரல்களை மடக்கினார். “ரஜ்ஜு தட்டுது அண்ணாச்சி. பொண்ணு வந்ததுல இருந்து பிள்ளையாண்டானுக்கு வித்தை அடைபட்டுக் கெடக்கு. புத்திர பாக்கியமும் காணலை. நான் அன்னைக்கே இழுத்தேன்.”

“இழுத்தீரு. கையைப் பிடிச்சு நிப்பாட்டினீராவே?” என்று எரிந்து விழுந்தார் பிள்ளைவாள். பிறகு குரலைத் தணிக்காமலே, அடுக்களைக்குக் கேட்கட்டும் என்றேதான், சொன்னார்: “இந்த மார்கழியில எழுதட்டும். தேறிட்டாம்னா பொருத்தம் சரியாத்தான் இருக்குன்னு வச்சுக்கிடுவோம். தேறலைன்னா அம்பாசமுத்திரத்துல என் தங்கச்சி நாத்தனார் மக அன்னத்தாய் இருக்கா. ஜாதகம் எட்டுப் பொருந்துதாம். வைகாசியில முடிச்சிருவோம்.”

மெட்ரிகுலேஷனையே எடுத்துவிட்டு வேறு பரீட்சை கொண்டுவரப்போகிறார்கள் என்றும் ஊரில் பேச்சு இருந்தது. ஆகவே இது கடைசித் தடவை மாதிரிதான்.

அடுக்களையில் நாயகி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவும் காதில் விழுந்தது. ஜாதகத்தில் எது தட்டினால் என்ன, அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இவர்கள் இப்போது ஜாதகத்தைக் கொண்டுபோய்ப் பரீட்சையில் கட்டிவிட்டார்கள். பரீட்சை என்றால் அது கணக்கு. கணக்கு அவளுக்குத் தெரியும். புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தன் கையிலும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பயமாகவும் இருந்தது, கொஞ்சம் திமிராகவும் இருந்தது.

மாமியார் ஞானம்பாள் சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்குப் போவாள். மாமனார் வெயில் தாழ வயல் பக்கம் போய்விடுவார். அந்த நேரத்தில் பாபநாசம் அடுக்களை வாசற்படியில் வந்து உட்கார வேண்டியது. நாயகி சுளகில் அரிசிமாவைப் பரப்பி அதில் விரலால் எழுதுவாள். யாராவது வந்தால் சுளகை ஒரு தட்டு, தீர்ந்தது. பெண்டாட்டியிடம் பாடம் கேட்க அவன் முதலில் கூச்சப்பட்டான். பிறகு, நல்லவன் ஆனபடியால், ஒத்துக்கொண்டான். அவன் நல்லவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த நல்ல குணத்தால் யாருக்காவது காலணா பிரயோசனம் உண்டா என்பது வேறு கேள்வி.

“இந்த எக்ஸுன்னா யாரு?” என்று முதல் நாளே கேட்டான். “எனக்கு அதான் ஓடலை. தெரியாதவனை வச்சு எப்படிக் கணக்குப் போட?”

நாயகி சுளகு மாவைத் தடவி நிரவினாள். “நான் உங்களை வெளியில என்னன்னு சொல்லுதேன்?”

“அவுகன்னு சொல்லுத.”

“அவுகன்னா இந்தத் தெருவுல யாருக்காவது புரியாமப் போகுதா? பேரு சொல்லாமத்தான் சோறு போடுதேன், வேட்டி துவைக்கேன், இன்னைக்கு வாரதுக்கு நேரமாகும்னு அத்தைகிட்ட சொல்லுதேன். ஒரு சோலியும் நிக்கலையே. எக்ஸும் அப்படித்தான். அதுவும் ஒரு அவுக. பேரு கடைசியில தெரிஞ்சாப் போதும்.”

அவன் சிரித்துவிட்டான். அவள் மாவில் எழுதினாள். “அவுக வயசை மூணு மடங்காக்கி, அதோட அஞ்சைச் சேத்தா அறுபத்தெட்டு. சம்பந்தி விருந்துல ரெண்டு பந்தி எதிரெதிரே உக்காந்திருக்குன்னு நினைச்சுக்கிடுங்க. இது பொண்ணு வீடு, இது மாப்பிள்ளை வீடு. இந்தப் பந்தியில அஞ்சு பேரை எழுப்பிவிட்டா அந்தப் பந்தியிலயும் அஞ்சு பேரை எழுப்பணும். இல்லைன்னா என்ன ஆகும்?”

“சண்டை வந்துரும்.”

“அந்தச் சண்டை வராமப் பாத்துக்கிட்டா ஈக்குவேஷன் முடிஞ்சுபோச்சு.”

அவன் ஐந்தை எழுப்பினான். அறுபத்து மூன்று நின்றது. மூன்றால் வகுத்தான். “இருபத்தொண்ணு. ஏளா, இது என் வயசுல்லா!”

“அதான் அவுக” என்றாள் நாயகி.

அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் எத்தனையோ வாத்தியார்கள் பிரம்பால் அடித்தும் திறக்காத கதவு, அரிசிமாவில் திறந்துகொண்டது. “கடைசியில பேரு தெரியணும்னியே, இப்பச் சொல்லு” என்று பிடித்துக்கொண்டான். “யாருமில்லை. ஒரே ஒரு தடவை.”

“கணக்குல வயசுதான் கேட்டாக. பேரு கேக்கலை.”

“சொல்லேன் நாயகி.”

“நீங்க தேறி வாங்க. அன்னைக்குச் சொல்லுதேன்” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நாளை மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். அவன் கச்சேரிக்குப் புறப்படுகிற காலை, வேட்டி மடிப்பை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் காதுக்குள் ஒரு தடவை. ஆயுசு குறைந்தால் தன் ஆயுசில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

அல்ஜீப்ரா இப்படி நடந்தது. யூக்ளிட்தான் மல்லுக்கட்டியது. இரண்டு முக்கோணம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுதானா என்று நிரூபிக்க வேண்டும். ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தால் இம்மி பிசகாமல் மூட வேண்டும். மாவில் எழுதினதைத் தூக்க முடியுமா? நாயகி கொல்லைக்குப் போய் வாழையிலை அறுத்துவந்தாள். அரிவாள்மணையில் முக்கோணமாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். பாடம் முடிந்ததும் முக்கோணங்களை எல்லாம் தொழுவத்தில் போட்டுவிடுவாள். அந்த மாசம் பசுமாட்டுக்கு யூக்ளிட் பாதி புத்தகம் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அவன் பார்த்தான், தலையாட்டினான், மறுநாள் மறந்தான். எந்த எந்தப் பக்கத்தைச் சொன்னால் போதும், எந்தக் கோணத்தைச் சொல்ல வேண்டும், ஒன்றும் நிற்கவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்தான். அந்தப் பதற்றத்தில்தான் அவள் அந்த உதாரணத்தை எடுத்தாள். அவன் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த விஷயமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள்.

“முக்கோணத்துக்கு ஆறு உறுப்பு. மூணு பக்கம், மூணு கோணம். இதுவும் பொருத்தம் பாக்குத மாதிரிதான். ஆறையும் பாக்க வேண்டாம். மூணு பொருந்திட்டாப் போதும், மத்த மூணும் தன்னால பொருந்தும்.”

பாபநாசத்தின் முகம் விரிந்தது. “அப்பா நம்ம கல்யாணத்துல சொன்னாகளே, அதா?”

“அதேதான்.”

“இதை எவனாவது முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா” என்றான். அன்றைக்குப் போட்ட கணக்குகள் எல்லாமே வந்தன. மூன்று பக்கமும் பொருந்தினது ஒன்று, இரண்டு பக்கமும் நடுவிலுள்ள கோணமும் பொருந்தினது ஒன்று, இரண்டு கோணமும் ஒரு பக்கமும் பொருந்தினது ஒன்று. ஏ பி சி-யை மாற்றிக் கொடுத்தாலும் வந்தன. நாயகிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான்.

ஆனால் அந்தப் பாடத்துக்கு இன்னொரு பாதி உண்டு. எந்த மூன்று பொருந்தினாலும் போதும் என்பதில்லை. மூன்று கோணமும் பொருந்தி, ஒரு பக்கம்கூடப் பொருந்தாமல் இருக்கலாம். ஒன்று கைக்குட்டை அளவு இருக்கும், இன்னொன்று ஜமுக்காளம் அளவு இருக்கும். ஜாடை ஒன்று, ஆள் வேறு. மறுநாள் அதற்கென்று சின்ன இலை ஒன்றும் பெரிய இலை ஒன்றும், கோணம் பிசகாமல், பார்த்துப் பார்த்து நறுக்கி வைத்திருந்தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைக்கக் கையெடுத்த நேரம் வாசலில் மெட்டிச் சத்தம். ஞானம்பாள் கோயில் நடை சாத்தியிருக்கிறது என்று பாதியில் திரும்பிவிட்டாள்.

சுளகைத் தட்டியாயிற்று. இலை கையில் இருந்தது.

“என்னட்டி இது, வாழையிலையைக் கண்டமேனிக்கு அறுத்து வச்சிருக்க?”

“கொழுக்கட்டைக்கு அத்தை” என்றாள் நாயகி. “இலையில வச்சு மடிச்சு அவிக்கலாம்னு.”

“இவன் எதுக்கு இங்கன உக்காந்திருக்கான்?”

“பசிக்குதுன்னாக.”

பிறகென்ன, கொழுக்கட்டை செய்தாக வேண்டியதாயிற்று. கருப்பட்டியைத் தட்டி, தேங்காய் துருவி, சின்ன முக்கோணத்திலும் பெரிய முக்கோணத்திலும் மாவை வைத்து மடித்து அவித்தாள். மாமனாருக்குப் பெரியது போனது. பாபநாசத்துக்கு இலையைப் பிரித்து வைக்கும்போது மெதுவாகச் சொன்னாள். “எந்த மூணும்னு இல்லை, தெரியுதா? கோணம் மட்டும் மூணு இருந்தாப் போதாது. ஒரு பக்கமாவது வேணும்.” வாயில் கொழுக்கட்டையோடு அவன் தலையாட்டினான். அதற்கப்புறம் ஞானம்பாள் மூட்டுவலி என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். மாவுப் பாடம் அத்தோடு நின்றது. பிறகு ஓரிரு தடவை, சோறு வைக்கும்போது குனிந்து, “ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள். “எல்லாம் இருக்கு” என்றான்.

மார்கழியில் பரீட்சை நடந்தது. கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று அவன் நடையே வேறாக இருந்தது. கிணற்றடியில் கால் கழுவ வந்தவன், தண்ணீர் இறைத்துக் கொடுத்த நாயகியிடம் கிசுகிசுத்தான். “அல்ஜீப்ரா ரெண்டும் சரி. அவுக யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். யூக்ளிட்டுல ஒரு முக்கோணக் கணக்கு. எல்லாப் பயலும் பேனாவைக் கடிச்சுக்கிட்டிருந்தானுவ. எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சு.”

“என்ன கொடுத்திருந்தாக?”

“ரெண்டு இணைகோடு போட்டு, குறுக்க வெட்டி… அதை விடு. மூணு கோணமும் டக்குனு பொருந்திட்டு. மூணு போதும்லா? எழுதிட்டேன். அதுக்கடுத்த ரெண்டு கேள்வியையும் அதை வச்சே முடிச்சுட்டேன்.”

நாயகி வாளியைக் கீழே வைத்தாள்.  “பக்கம் ஏதும் பாக்கலையா? ரெண்டுக்கும் பொதுவா ஒரு பக்கம் இருந்திருக்குமே.”

“பக்கம் எதுக்கு? அதான் மூணு ஆயிட்டே” என்றான் அவன். காலைக் கழுவிக்கொண்டு, ஒரு பதிகத்தை முனகிக்கொண்டே உள்ளே போனான்.

அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிவு மாசியில்தான் வரும். அதுவரைக்கும் அந்த வீட்டில் நடக்கப்போவது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மாமனார் மகனை இப்போதெல்லாம் தன் பக்கத்தில் இலை போட்டு உட்கார வைத்துக்கொண்டார். மாமியார் மருமகளிடம் சிரித்துப் பேசினாள், பொங்கலுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்தாள். நாயகி அதை வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவளைக் கொன்றது. புருஷனிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும். அவன் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்தால் சொல்ல மாட்டாள். தோற்றுப்போகிற வரைக்குமாவது ஜெயித்த மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது அவரிடம் மட்டும் சொன்னாள். திருஞானசம்பந்தம் பிள்ளை இருண்ட கண்ணோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கொழுக்கட்டையையும் கேட்டார், கிணற்றடியையும் கேட்டார்.

“உதாரணம் நல்ல உதாரணம்தான்” என்றார் கடைசியில். வாத்தியார் வாத்தியார்தானே.

“நல்ல உதாரணத்தால என்ன ஆச்சு பாத்தீங்களா அப்பா? நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, பாடம் பண்ணினதை எழுதி ஒருவேளை தப்பிச்சிருப்பாகளோ என்னமோ.”

“தப்பிச்சிருக்க மாட்டான்” என்றார் அவர். அவளைத் தேற்றத்தான் சொன்னார். அதைக் கேட்டபோது அவளுக்கு மனசு இன்னும் விட்டுப்போயிற்று.

மாசியில் பள்ளிக்கூட வாசலில் தேறினவர்கள் பெயரை ஒட்டினார்கள். பாபநாசம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்தான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “கணக்குலயா?” என்று மட்டும் ஐயம்பெருமாள் பிள்ளை கேட்டார். அவன் ஆமாம் என்றான். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சோசியர் வீட்டுக்குப் போனார்.

இரண்டாம் தாரம் கட்டுவதற்கு முன் மூத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது முறை. பெரியவர்கள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நாயகி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். பாபநாசம் தூணோரமாக, கால் பெருவிரலால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“ஏளா, உன்னை யாரும் போகச் சொல்லலை” என்றார் மாமனார். “நீயும் இங்கனயே இருக்கலாம். ஜாதகம் அப்படி இருக்கு, நாம என்ன செய்ய? உனக்குச் சம்மதம்தானே?”

எத்தனையோ சொல்லலாம். மூன்று போதும் என்று சொன்னது யார் என்று கேட்கலாம். உங்கள் மகன் போட்ட தப்பு உங்கள் வாயிலிருந்து விழுந்த தப்பு என்று சொல்லலாம்.  ஆனால் அதைச் சொன்னால், பாடம் சொல்லிக்கொடுத்தது வெளியே வரும். புருஷனுக்குப் பாடம் சொன்ன பெண்டாட்டி, அதனால் தோற்ற புருஷன் என்று டவுன் முழுக்கச் சிரிக்கும். அவளைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கும்.

“சம்மதம் மாமா” என்றாள். “அப்பாவுக்குக் கண்ணு இல்லை. நான் அங்கன போய் இருந்துக்கிடுதேன்.”

பெரியவர்கள் வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டார்கள். தங்கமான பொண்ணு என்றார் ஒருவர். தூணோரம் இருந்தவன் தலை நிமிரவில்லை.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டியதுதான். எட்டுப் பொருத்தத்தோடு வந்த அன்னத்தாயும் அவனைக் கச்சேரியில் உட்கார வைக்கவில்லை. அவன் இன்னொரு தடவை எழுதி இன்னொரு தடவை விழுந்தான். அதற்குள் பேசிக்கொண்ட மாதிரியே அந்தப் பரீட்சையையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் வயலைப் பார்த்துக்கொண்டு, கோயிலில் பதிகம் பாடிக்கொண்டு காலத்தைத் தள்ளினான். அன்னத்தாயின் ஜாதகத்தை யாரும் மறுபடி விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாயகி பாளையங்கோட்டை வீட்டில் அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டு, அவர் போன பிறகு அந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள். கணக்கை அதற்கப்புறம் அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அவள் அந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளுக்கு வருவோம். சித்திரை வெயில். அப்பா வில்வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து, கண் தெரியாததால் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். துணி மூட்டையைப் பாபநாசமே தூக்கிவந்து வண்டியில் வைத்தான். மாமியார் வாசலோடு நின்றுகொண்டாள். அவன் மூட்டையைச் சரியாக வைக்கிற மாதிரி இரண்டு மூன்று தடவை நகர்த்தினான். போகவும் மாட்டாமல், நிற்கவும் மாட்டாமல்.

“நாயகி” என்றான் பைய. “எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலை. அதைக் கேக்கணும்னே இருந்தேன்.”

அவள் வண்டிக்குள் இருந்து பார்த்தாள்.

“மூணும் பொருந்துச்சே. நல்லாப் பாத்துத்தானே எழுதினேன். அப்புறமும் ஏன் தப்புன்னுட்டாக? மூணு போதும்னு நீதானே சொன்ன?”

அவன் குற்றம் சாட்டவில்லை. அவன் முகத்தில் குற்றம் சாட்டுகிற வகையறாவே கிடையாது. விளங்காத பிள்ளை விளங்காத இடத்தைக் கேட்கிற முகம். பாளையங்கோட்டை வீட்டில் தாள் தாளாக அந்த முகத்தைத்தான் அவள் பார்த்திருந்தாள். நாயகிக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அடுத்த தடவையாவது இவன் இந்த இடத்தில் சறுக்கக் கூடாதே என்ற ஒன்றுதான் தோன்றியது.

“போதாது, பாபநாசம்” என்றாள். “எந்த மூணுன்னு பாக்கணும். கோணம் எல்லாம் ஒண்ணா இருந்தாலும் ஒரு பக்கமாவது சேரலைன்னா அது வேற இது வேற. இனிமே எழுதும்போது முதல்ல பக்கத்தைத் தேடு.”

அவன் வழக்கம்போலத் தலையாட்டினான். வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். தேரடியைத் தாண்டி, ஜங்ஷனைத் தாண்டி, வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறியது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் குறைந்து பாறைகள் வெளியே தெரிந்தன.  பாலத்துக்கு நடுவில் வந்த பிறகு அப்பா கேட்டார்.

“மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியே நாயகி.”

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. பேர் மட்டுமா, தேடு என்றும் சொல்லியிருக்கிறாள், அப்பாவின் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குத் தாள் திருத்துகிற மாதிரி. நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். கடித்துக்கொள்ளவில்லை. மெதுவாக, வாய்க்குள்ளேயே, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

நாக்கு கூசவில்லை.